கரடி நாட்டில் கைத்துப்பாக்கி: தேர்ந்தெடுக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்கா, மொன்டானா, வயோமிங், ஐடஹோ பக்கம் மலையேறவும் மீன்பிடிக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் போகிறவர்களுக்கானது இந்தப் பக்கம். பெரும்பாலான கேள்விகள் கரடியைப் பற்றியவை. மற்ற விலங்குகளும் இடையிடையே வரும்.

கரடி ஸ்பிரே போதாதா? துப்பாக்கி எதற்கு?

முதலில் ஸ்பிரே (கரடி மேல் அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) வாங்குங்கள். துப்பாக்கி அதற்குப் பிறகுதான். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், ஸ்பிரே அடித்தபோது பழுப்புக் கரடிகளில் 92 சதவீதமும் கறுப்புக் கரடிகளில் 90 சதவீதமும் தங்கள் போக்கை நிறுத்திக்கொண்டன. ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. அதே ஆய்வாளர்கள் 2012இல் துப்பாக்கிச் சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதமும் நீளத்துப்பாக்கி (ரைஃபிள், ஷாட்கன்) 76 சதவீதமும் கரடியைத் தடுத்திருந்தன. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம்பட்ட விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் நிறுத்தி எது பெரிது என்று தீர்ப்பு சொல்வதும் சரியில்லை. ஸ்பிரே சம்பவங்களில் வேடிக்கை பார்க்க வந்த கரடிகளும் உண்டு; துப்பாக்கிச் சம்பவங்களில் பாய்ந்து வந்தவை அதிகம்.

ஸ்பிரேயின் பெரிய பலம், துல்லியமாகக் குறிபார்க்கத் தேவையில்லை என்பது. கைநடுக்கத்திலும் எதிரே ஒரு புகைச்சுவர் எழும். அதன் குறை, எட்டும் தூரம் ஏழெட்டு மீட்டர்தான். எதிர்க்காற்றில் அதுவும் குறையும். கூடாரத்துக்குள் அடித்தால் உங்களுக்கும் கண் தெரியாது. இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் கைத்துப்பாக்கி. வாங்கும் டப்பாவில் குறைந்தது 225 கிராம் இருக்கட்டும், காலாவதி தேதியைப் பாருங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

எந்த விலங்குக்கு எவ்வளவு துப்பாக்கி வேண்டும்?

பூமா (மலைச்சிங்கம்), ஓநாய்: 9 மி.மீ. பிஸ்டலே போதும். இவை எடை குறைந்தவை, எலும்பு மெல்லியது. பூமா பின்பக்கமிருந்து வருவதுதான் சிக்கல். அதைக் காலிபர் (9 மி.மீ., .357 என்று சொல்லப்படும் தோட்டா அளவு) தீர்க்காது.

கறுப்புக் கரடி: .357 மேக்னம், 10 மி.மீ. ஆட்டோ. சரியான குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை) போட்டால் 9 மி.மீ., .45 ஏசிபி கூட வேலை செய்யும்.

கிரிஸ்லி (உள்நாட்டுப் பழுப்புக் கரடி), கடற்கரைப் பழுப்புக் கரடி: 10 மி.மீ. தொடக்கம்; .44 மேக்னம் நல்ல நடுநிலை.

மூஸ் மான்: மேலே சொன்ன அதே அளவு. ஆனால் பெரும்பாலும் ஒரு தடித்த மரத்தின் பின்னால் போய் நின்றாலே அது விட்டுவிடும். மூஸிடமிருந்து ஓடலாம்; கரடியிடமிருந்து ஓடக்கூடாது.

துருவக் கரடி, ஆப்பிரிக்க யானை, காட்டெருமை: கைத்துப்பாக்கியை நம்பிப் போகாதீர்கள். அங்கே ரைஃபிள்தான்.

பாம்பு: இரண்டு அடி பின்வாங்குங்கள். சுட வேண்டிய தேவையே இல்லை.

எதை முதலில் முடிவு செய்வது?

கடையில் எல்லோரும் காலிபரில் தொடங்குகிறார்கள். நாங்கள் தலைகீழாகப் போகச் சொல்வோம்: முதலில் உறை (துப்பாக்கியை உடம்பில் மாட்டும் கூடு), அடுத்து குண்டு, அதற்கடுத்து துப்பாக்கியின் வகை, கடைசியில் காலிபர்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதாவது நொடிக்கு 15 மீட்டர். புதருக்குள் அது உங்களைக் கண்டதும் நீங்கள் அதைக் கண்டதும் 30 மீட்டரில் என்றால், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நொடி. நன்றாகப் பழகியவர் திறந்த உறையிலிருந்து உருவி முதல் குண்டைச் சுட ஒன்றரை நொடி ஆகும். மேல்சட்டைக்குள்ளோ முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கு அடியிலோ துப்பாக்கி மாட்டிக்கொண்டிருந்தால் அந்த நேரம் மூன்று, நான்கு நொடியாகும். அப்போது உள்ளே இருப்பது .44ஆ .500ஆ என்பதற்கு அர்த்தமில்லை.

ரிவால்வரா, அரைத்தானியங்கிப் பிஸ்டலா?

இரண்டும் சரி. எந்த வகையில் என்ன கெடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ரிவால்வர் கரடியின் உடம்போடு ஒட்டி வைத்து அழுத்தினாலும் சுடும். பிஸ்டலின் முனையை உடம்பில் அழுத்தினால் மேல்சட்டகம் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளப்பட்டு விசை (டிரிக்கர்) வேலை செய்யாமல் போகலாம். கரடி மேலே விழுந்து கிடக்கும்போது இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. பிஸ்டலைத் தளர்ந்த மணிக்கட்டோடு பிடித்துச் சுட்டாலும் அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்ளும். கீழே விழுந்து ஒற்றைக் கையால் சுடுகிறவருக்கு இது எளிதில் நேரும்.

மறுபக்கம், ரிவால்வரில் ஐந்தோ ஆறோ தோட்டாக்கள்தான். நெருக்கடியில் திரும்ப நிரப்ப முடியாது. இரட்டைச் செயல் (சுத்தியலையும் தானே பின்னால் இழுக்கும்) விசையை இழுக்க நான்கரை முதல் ஐந்தரை கிலோ அழுத்தம் வேண்டும்; பழகாதவர் இழுக்கும்போது முனை கீழே சாயும், குண்டு தாழ்ந்து போகும். கிளாக் 20 போன்ற 10 மி.மீ. பிஸ்டலில் 15 தோட்டாக்கள், விசை இலகு, உதைப்பு குறைவு, இரண்டாவது, மூன்றாவது குண்டு விரைவாக இலக்கைத் தொடும். அலாஸ்காவில் பலர் .44 ரிவால்வரிலிருந்து 10 மி.மீ.க்கு மாறியதற்கு இதுதான் காரணம்.

எங்கள் பரிந்துரை: ஏற்கெனவே பிஸ்டலில் பழகியவர் 10 மி.மீ. எடுக்கட்டும். துப்பாக்கியே புதிது, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் பயிற்சி என்பவருக்கு நான்கு அங்குலக் குழல் கொண்ட எஃகு ரிவால்வர் நல்லது. சிக்கினால் சரிசெய்யும் வித்தையைக் கற்க வேண்டியதில்லை, விசையை மறுபடி இழுத்தால் போதும். ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டிய ஒற்றைச் செயல் ரிவால்வரை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். கையில் இருப்பது அதுதான் என்றால் ஒன்றைச் சரிபாருங்கள்: ரூகர் நிறுவனம் 1973க்குப் பிறகு செய்தவற்றில் பாதுகாப்புத் தகடு உண்டு. அதற்கு முந்தைய பழைய வடிவங்களில் சுத்தியலுக்குக் கீழே உள்ள அறையை (தோட்டா இருக்கும் துளை) காலியாக வைத்துத்தான் எடுத்துச்செல்ல வேண்டும். கீழே விழுந்தால் வெடிக்கலாம்.

காலிபர்களின் வேறுபாட்டை எண்களில் சொல்ல முடியுமா?

தோராயமாக, தொழிற்சாலைத் தோட்டாக்களுக்கு (குண்டின் எடை கிரெய்னில், 15.4 கிரெய்ன் ஒரு கிராம்):

- 9 மி.மீ.: 147 கிரெய்ன், நொடிக்கு 335 மீட்டர், சுமார் 535 ஜூல்
- .357 மேக்னம்: 180 கிரெய்ன், 395 மீட்டர், சுமார் 915 ஜூல்
- 10 மி.மீ.: 220 கிரெய்ன், 365 மீட்டர், சுமார் 955 ஜூல்
- .44 மேக்னம்: 240 கிரெய்ன், 410 மீட்டர், சுமார் 1,315 ஜூல்
- .454 கேசல்: 300 கிரெய்ன், 495 மீட்டர், சுமார் 2,385 ஜூல்

ஒப்பிட: 180 கிரெய்ன் .30-06 ரைஃபிள் தோட்டா 3,900 ஜூலுக்கு மேல். எந்தக் கைத்துப்பாக்கியும் சமரசம்தான் என்பதற்கு இந்த ஒரு எண்ணே சாட்சி.

10 மி.மீ. வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 10 மி.மீ. என்று பெட்டியில் அச்சிட்ட பல தோட்டாக்கள் உண்மையில் .40 எஸ்&டபிள்யூ அளவுக்கே வேகம் கொண்டவை: 180 கிரெய்ன், நொடிக்கு 315 மீட்டர் அளவு. பயிற்சிக்கு அவை நல்லவை. காட்டுக்குக் கொண்டுபோகும் முன் பெட்டியின் பக்கத்தில் உள்ள வேகத்தைப் படியுங்கள்.

எந்த வகைக் குண்டு போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மனிதத் தாக்குதலுக்கு எதிராக விற்கப்படும் குழிமுனைக் குண்டு உடம்பில் பட்டதும் காளான்போல விரிந்து 30, 40 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும்படி செய்யப்பட்டது. பெரிய கரடிக்கு அது போதாது. ஈரமான அடர்ந்த மயிர், தோலுக்கடியில் கொழுப்பு, அதற்கும் கீழே தோள் தசை, பிறகு எலும்பு. இவ்வளவையும் கடந்து மூளையையோ முதுகெலும்பையோ தொட வேண்டும். அதனால் தேவை விரியாத, உடையாத, தட்டையான முனை கொண்ட குண்டு: கடினமாக வார்த்த ஈயக் குண்டு, அல்லது ஒரே துண்டாகக் கடைந்த செம்புக் குண்டு. உருண்டை முனை வேண்டாம்; அது உள்ளே போனதும் பாதை மாறிப் புரளும். தட்டை முனை நேராகப் போகும்.

2016இல் அலாஸ்காவில் ஒரு வழிகாட்டி, தன் வாடிக்கையாளர்களை நோக்கிப் பாய்ந்த பழுப்புக் கரடியை 9 மி.மீ. பிஸ்டலால் கொன்றார். அவர் போட்டிருந்தது 147 கிரெய்ன் கடின ஈயக் குண்டு. 9 மி.மீ. போதும் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டோம். குண்டின் அமைப்பு எவ்வளவு தூரம் ஈடுகட்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

கடின ஈயக் குண்டில் மூன்று சிக்கல்கள் வரும்.

ஒன்று, பிஸ்டலில் தட்டை முனை ஏறுசரிவில் (தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவு) முட்டி நிற்கலாம். உங்கள் துப்பாக்கியில், உங்கள் மேகசின்களில், அதே தோட்டாவைக் குறைந்தது நூறு முறை சிக்காமல் சுட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். விலை அதிகம்தான். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டு, பலகோணக் குழல் கொண்ட கிளாக்கில் மேலுறை இல்லாத ஈயக் குண்டு போடக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஈயம் படிந்து அழுத்தம் ஏறும். பூச்சுப் பூசிய குண்டு, செம்புக் குண்டு, அல்லது சாதாரண வரிக்குழல் ஒன்றை மாற்றிப்போடுவது: இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று, எடை குறைந்த ரிவால்வரில் கனமான குண்டு. இதைப் பலர் அறிவதில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. மற்ற அறைகளில் உள்ள தோட்டாக் கூடுகளும் அதோடு பின்னால் இழுபடுகின்றன. ஆனால் கனமான குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவி, உருளையின் (தோட்டாக்கள் இருக்கும் சுழலும் பகுதி) முகப்புக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். உருளை சுற்றாது. துப்பாக்கி அத்தோடு பூட்டிக்கொண்டது. சோதிக்க எளிய வழி உண்டு: ஆறு தோட்டாவின் நீளத்தையும் அளந்து போடுங்கள், ஐந்தைச் சுடுங்கள், ஆறாவதை வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. 710 கிராம் அளவே உள்ள ஸ்மித் & வெஸன் 329பிடி போன்றவற்றில் இந்தச் சோதனை கட்டாயம்.

.500 மேக்னம் வாங்கினால் இன்னும் பாதுகாப்பு அல்லவா?

முதல் குண்டு பட்டால் ஆம். இரண்டாவது குண்டுக்கு முனை திரும்பக் கீழே வருவதற்குள் கரடி உங்களைத் தொட்டுவிடும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ளதை நாள் முழுக்கச் சுமக்க முடியாமல் மூன்றாம் நாள் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். உதைப்புக்குப் பயந்து பயிற்சியையும் விட்டுவிடுகிறார்கள். ஏழு மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள், உறையிலிருந்து உருவி, மூன்று நொடிக்குள் மூன்று குண்டு வைக்க முடிகிறதா? முடிகிற அளவிலேயே மிகப் பெரிய காலிபர் எதுவோ அதுதான் உங்களுடையது. பலருக்கு அது .357 ஆகவே இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழல் எவ்வளவு நீளம்?

நான்கு அங்குலம். ஐந்துக்கு மேல் போனால் உருவும்போது தடுக்கும். இரண்டரை அங்குலத்தில் வேகம் குறையும், தீப்பிழம்பும் ஓசையும் கூடும்.

கரடியின் மண்டையில் குண்டு பட்டால் தெறித்துவிடுமாமே?

கரடி மண்டை குண்டு துளைக்காதது என்பது தவறு. கரடியின் நெற்றி பின்னோக்கிச் சரிந்திருக்கிறது. அதன்மேல் தடித்த தசை. மூளை சிறியது, கண்களுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. மனிதத் தலையை நினைத்துக்கொண்டு நெற்றியில் குறிவைத்தால் குண்டு மூளைக்கு மேலே உரசிப் போய்விடும். நேரே வரும் கரடிக்குக் குறி கண்களுக்கு நடுவே, சற்றுக் கீழே, மூக்குத் தண்டை ஒட்டி. தலையை மிகத் தாழ்த்தி வந்தால் தலைக்கு மேலே தவறும் குண்டு கழுத்து முதுகெலும்பிலோ தோள்களுக்கு நடுவிலோ இறங்கும். அதுவும் பயனுள்ள இடம். பக்கவாட்டில் தெரிந்தால் முன்தோள் எலும்பு.

இதயத்தில் பட்டதும் விழுந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதயம் நின்றாலும் மூளையில் உள்ள ஆக்ஸிஜன் பத்து நொடிக்கு மேல் ஓட வைக்கும். 2010 மே மாதம் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் ஒருவர் .45 பிஸ்டலால் சுமார் ஒன்பது குண்டு சுட்ட பிறகும் கிரிஸ்லி திரும்பிப் புதருக்குள் நடந்து போய்த்தான் செத்தது. ஆகவே, அது நிற்கும்வரை அல்லது திரும்பும்வரை சுட்டுக்கொண்டே இருங்கள்.

எப்போது சுடுவது? பாய்ச்சல் எல்லாமே தாக்குதலா?

இல்லை. பல பாய்ச்சல்கள் மிரட்டல். தலையும் காதும் நிமிர்ந்து, உடம்பை உப்பிக்கொண்டு, முன்காலால் குதித்துக் குதித்து வந்தால் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். தலை தாழ்ந்து, காது பின்னால் மடிந்து, நேராக வந்தால் அது வேறு. முதலாவதில் அசையாமல் நின்று ஸ்பிரேயைத் தயாராக்குங்கள். எச்சரிக்கைக்காக வானத்தில் சுடுவதைப் பலர் கேட்கிறார்கள்: தொலைவில் நிற்கும் கரடிக்கு அது சில நேரம் பலிக்கும், பாய்ந்து வருவதற்கு ஒரு தோட்டாவும் அரை நொடியும் வீண்.

எங்கே மாட்டிக்கொள்வது?

மார்பு உறை. முதுகுப்பையின் பட்டைகளுக்கு மேலே, இரண்டு கையும் எட்டும்படி. ஆற்றில் முழங்கால் நீரில் நிற்கும்போதும், படகில் உட்கார்ந்திருக்கும்போதும் இடுப்பு உறை பயன்படாது. மார்பு உறை பயன்படும். விசையை முழுதும் மூடும் வார்ப்பு உறையாக இருக்கட்டும், கவிழ்ந்து விழுந்தாலும் துப்பாக்கி நழுவாமல் பிடிக்கட்டும். ஸ்பிரே அதற்கு எதிர்ப்பக்கம், இடது இடுப்பில். எது எந்தக் கையில் என்பதை ஒருபோதும் மாற்றாதீர்கள். இரவில் துப்பாக்கி உறைக்குள்ளேயே, கைவிளக்கோடு, தலைமாட்டில் ஒரே இடத்தில்.

எப்படிப் பயிற்சி செய்வது?

தோட்டா இல்லாமல் வீட்டில் தினமும் பத்து நிமிடம்: மழைக்கோட்டு, கையுறை, முதுகுப்பை எல்லாம் போட்டுக்கொண்டு உருவிக் குறிபார்ப்பது. தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். தொடங்கும் முன் துப்பாக்கிக்குள் தோட்டா இல்லையா என்று இரண்டு முறை பாருங்கள். சுடுதளத்தில் மலிவான மென்தோட்டாவில் தொடங்குங்கள்: .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல், .357இல் .38 ஸ்பெஷல், .454இல் .45 கோல்ட் பொருந்தும். ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு குண்டு காட்டுத் தோட்டாவாக இருக்கட்டும். ஒற்றைக் கையால், இடது கையால், மல்லாந்து படுத்த நிலையில் சுடுவதைப் பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள். கேட்புக் காப்பு எப்போதும் போடுங்கள்.

எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர் வாங்கலாமா?

நம்மவர்கள் பலர் தெரியாமல் இதில் மாட்டிக்கொள்ளக்கூடும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முதலான சில விலக்குகள் உண்டு. நண்பருடைய துப்பாக்கியை வாங்கி மாட்டிக்கொள்வதும் வைத்திருப்பதுதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். விசாவில் இருப்பவர் வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். ஸ்பிரே அந்தச் சட்டத்தில் துப்பாக்கி அல்ல.

தேசியப் பூங்கா, விமானம், கனடா?

2010 பிப்ரவரி 22 முதல், அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம். பூங்காவின் அலுவலகக் கட்டடங்களுக்குள் கூடாது. வைத்திருக்கலாம் என்பதற்குச் சுடலாம் என்று பொருளில்லை. சுட்டால் விசாரணை உண்டு. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் கரடி ஸ்பிரேயே தடை. அங்கே கறுப்புக் கரடிகள் மட்டும்தான்.

விமானத்தில் தோட்டா நீக்கிய துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், சோதனைக்குக் கொடுக்கும் சுமையில், முன்கூட்டி அறிவித்து. ஸ்பிரே எந்தச் சுமையிலும் கூடாது. இறங்கிய ஊரில் வாங்குங்கள். கனடா வழியாகச் சாலையில் அலாஸ்கா போகிறவர்கள் கைத்துப்பாக்கியைக் காரில் வைத்து எல்லை கடக்க நினைக்காதீர்கள்.

சுட்டுவிட்டேன். அடுத்து என்ன?

உடனே அருகில் போகாதீர்கள். துப்பாக்கியை நிரப்பி, தொலைவில் இருந்து காத்திருங்கள். குட்டியோ தாயோ அருகில் இருக்கலாம். பிறகு அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளை அழையுங்கள்.

அலாஸ்கா தவிர்த்த மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிர் காக்கச் சுட்டது குற்றமல்ல. ஆனால் ஐந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அலாஸ்காவில் 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உணவையோ குப்பையையோ திறந்து வைத்து நீங்களே கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது. தற்காப்பு என்றே ஏற்கப்பட்டாலும் கரடி உங்களுக்குச் சொந்தமல்ல. அலாஸ்காவில், நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, இரண்டையும் மாநில அரசிடம் ஒப்படைப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு நல்ல கத்தியும் கயிறும் பையில் இருக்கட்டும்.